ஆடிட்டுக்குச் சொன்ன பதில்

“...அன்னைக்குச் சொன்னதும் நான்தான் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா அது ஆடிட்டுக்கு உள்ள பதிலு. உங்களுக்கு உள்ளது இல்ல” என்று, எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் அக்கா எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். மங்கலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மைக்கோடு ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், பக்கத்தில் திட்ட அதிகாரி ஒருவர். கீழே, எங்கள் பனியன் கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பிய ஆட்கள். நான் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிலை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த லைன் சூப்பர்வைசர் நான்தான்.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர், ஆடிட் என்று கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆள் அனுப்பும்போதெல்லாம் முந்தின நாள் மதியம் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவேன். குடிதண்ணீர்? இருக்குங்க. ஓவர்டைம்? விருப்பப்பட்டாத்தானுங்க. குழந்தைகள் காப்பகம்? இருக்குங்க, குறை ஒண்ணுமில்லீங்க. காப்பகம் என்பது அட்டைப்பெட்டி அடுக்கும் அறை. ஆடிட் நாளில் மட்டும் பெட்டிகள் வெளியே போகும். எங்கிருந்தோ இரவல் வாங்கிய தொட்டில் உள்ளே வரும். வாத்துப் படம் போட்ட பலகை சுவரில் ஏறும். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஓவர்லாக் அக்கா, என் பாடத்தை என் ஊர் இழுவையோடு அப்படியே ஒப்பிப்பார். ஒப்பித்துவிட்டு, “மெஷினுக்கு நேரத்துக்கு எண்ணெய் விடுதீய, பாடம் ஒப்பிச்ச பிள்ளைக்கு ஒரு டீ சொல்ல மாட்டியளோ” என்று வம்பிழுப்பார். தன் மூன்று வயது மகனை, வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டு அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் அவர் தினமும் வேலைக்கு வந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பாடம் நடத்தினேன்.

நாட்டின் வளர்ச்சித் திட்டத்தை இனி மேலே உட்கார்ந்து எழுதப்போவதில்லை, உள்ளூர் மக்களிடம் கேட்டுப் பல்கலைக்கழகங்கள் எழுதித் தரும் என்று ஒரு அறிவிப்பு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு மாணவர்கள் வந்தார்கள். முதலாளியிடம் அனுமதி வாங்கி, மேனேஜர் பக்கத்தில் நிற்க, ஆடிட்காரர்கள் கேட்கும் அதே வரிசையில் கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? கேள்வி வந்ததும் பாடம் வெளியே வந்துவிட்டது. காப்பகம் இருக்குங்க, குறை ஒண்ணுமில்லீங்க. கம்பெனிக்கு வெளியே பத்து நிமிடம் நடந்திருந்தால் வரிசையாகப் பூட்டிய கதவுகளையும் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கலாம். ஒருவரும் நடக்கவில்லை. படித்தவர்கள் மேல் எனக்கு அன்று வந்த கசப்பு இன்னும் போகவில்லை. என் மேல் வந்ததும் போகவில்லை.

அப்படி எழுதிய திட்ட வரைவைத்தான் அந்த மண்டபத்தில் வாசித்தார்கள். ‘குழந்தைப் பராமரிப்பு வசதியில் இப்பகுதித் தொழிலாளர்கள் மனநிறைவோடு உள்ளனர், எனவே பரிந்துரை ஏதுமில்லை.’ அப்போதுதான் அக்கா எழுந்தார். லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரு பொதுக் காப்பகம் வேண்டும், ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்க வேண்டும், அதை எழுதுங்கள் என்றார். பின்வரிசையிலிருந்து, “உக்காருக்கா, வடை ஆறுது” என்று ஒரு குரல், சிரிப்பு. எங்கள் மேனேஜர் மேடையைப் பார்த்து, “ஏனுங்க சார், அந்தம்மாவுக்கு வெயில்ல தலை சுத்துதாட்ட இருக்குதுங்க. நீங்க அடுத்ததைப் படிங்க” என்றார். அக்கா திரும்பி, “தல சுத்தல சார். நீங்க நிக்கிற இடத்துல நின்னா எனக்கும் எல்லாம் நல்லாத்தான் தெரியும்” என்றார்.

இப்போது மறுபடியும் அப்படி ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. என்னை ‘உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதி’ என்று போட்டிருக்கிறார்கள். போன முறை வாசித்த வரைவு வழவழப்பான தாளில் புத்தகமாக அச்சாகி வந்தது. அந்த மனநிறைவு வரி ஒரு எழுத்து மாறாமல் அதில் இருக்கிறது. லைன் வீடுகளில் இப்போது பீகார்ப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிறார்கள். மண்டபத்துக்கு வரமாட்டேன், லைன் வீட்டு வாசலில் கூட்டம் போட்டால் வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. அன்று மூன்றாவது வரிசையில் எழுந்து, “அக்கா சொல்றது நெசமுங்க, பொய் சொல்லச் சொன்னது நானுங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அக்காவுக்கும் போய்விடக்கூடிய வேலைதான் இருந்தது.

அன்று மேடையில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பதிவானது பதிவானதுதாம்மா. நீங்க நினைச்சபோதெல்லாம் மாத்த முடியாது” என்றார். அக்கா நேராக மேடைக்குப் போனார். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அந்த வரைவின் மேல் வைத்தார். “இது எங்க ரூம் சாவி. எம் பய உள்ள இருக்கான். அவனுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. போய்க் கேட்டு எழுதிக்கிடுங்க.”

மேடையில் ஒருவரும் கையை நீட்டவில்லை. அக்கா சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கி, எங்களை மறுபடி வேலைக்குக் கொண்டுபோகக் காத்திருந்த வேனைத் தாண்டி, லைன் வீடுகள் இருந்த பக்கம் நடந்தார்.