இடது கைக்குக் கீழே

"…அது சரி மச்சான், நெஞ்சு நல்லா வந்திருக்கி, சேர்ட் பொத்தான் கத்துது. நான் பாக்க வந்தது தோள," என்றான் மச்சான். "மெஷினவிட்டு எழும்பு. அந்த டம்பெல் ரெண்டையும் தூக்கு பாப்பம்."

அவன் என் மனைவியின் அண்ணன். நாங்கள் இருவரும் மீன்பிடிக்கப் போகும் போட் அவனுடையது. வலை இழுக்கும்போது அலை தூக்கிப் போட்டு என் இடது தோள் கழன்றதிலிருந்து நான் கரையில்தான். விடியப்புறம் படுத்தபடியே எஞ்சின் சத்தங்களைக் கேட்பேன். ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு இருமல் உண்டு. எங்களுடையது களப்பு நீரைத் தாண்டிக் கடலில் தேயும்வரை என் காதும் கூடவே போகும். அதற்குப் பிறகு தூக்கம் ஏது.

கற்பிட்டியில் பழைய கருவாட்டுக் கடை ஒன்றை ஜிம் ஆக்கியிருக்கிறார்கள். இன்னும் கருவாடு மணக்கும். நெஞ்சுக்குத் தள்ளும் மெஷினுக்கு அங்கே 'மாமியார் வீட்டுக் கதிரை' என்று பேர். சாய்ந்து உட்கார்ந்தால் போதும், பாரம் ஆடாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். மேலே விழும் என்ற பயமில்லாமல் நெஞ்சு களைக்கும்வரை தள்ளலாம். தள்ளினேன், நெஞ்சும் வளர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இனி நான் கடலுக்கு வரலாம், வந்து பார் என்று நான்தான் அவனைக் கூப்பிட்டேன்.

வாங்குப் பலகையில் மல்லாந்து படுத்து டம்பெல்களை உயர்த்தினேன். வலது நேராகப் போனது. இடது பாதி வழியில் நடுங்கி, வெளிப்பக்கம் சாய்ந்தது. மெஷினில் இரண்டு பிடியும் ஒரே இரும்பில். இத்தனை நாளும் வலது கை இடதுக்கும் சேர்த்து உழைத்திருக்கிறது. டம்பெல்லில் அந்தத் தயவு கிடையாது. ஒவ்வொரு கையும் தன் பாரத்தைத் தள்ளவும் வேண்டும், ஆடாமல் பிடிக்கவும் வேண்டும். பிடிக்கிற வேலை தோளைச் சுற்றியுள்ள சின்னத் தசைகளுக்கு. என்னுடையவை கதிரையில் சாய்ந்து தூங்கியிருக்கின்றன.

"போட்ல நின்டு இப்பிடி ஆடினா, வலையோட நீயும் போயிடுவாய்," என்றான்.

"என்ட எடத்துக்கு ஆரப் போட்ட?"

"ஒருத்தனையும் போடல்ல. உன்ட பக்கம் சும்மாதான் கிடக்குது. நானே அங்கயும் இங்கயும் ஓடி இழுக்கிறன்."

நான் இடது கையை மறுபடி உயர்த்தப் பார்த்தேன். திரும்பவும் சாய்ந்தது.

அவன் டம்பெல்களை வாங்கிக் கீழே வைத்தான். இருப்பதிலேயே சின்னச் சோடியைத் தேடி எடுத்து என் கைகளில் தந்தான். பிறகு குந்தி இருந்து, என் இடது முழங்கைக்குக் கீழே, தொடாமல், உள்ளங்கையை விரித்துப் பிடித்தான்.