சேகர் போட்டு வைத்த பதில்

சேகர் இறந்துவிட்டார். சவுதியின் அல் கோபாரில் அவருடன் இருந்த அவருடைய மைத்துனர் இன்று காலை போனில் உறுதி செய்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அங்கே நான்கு வருடம் ஒரே ரூமில் இருந்தோம். நான் பத்திரிகைக்காரன். அவர் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு வெப்சைட் எழுதியவர். கம்பெனியின் லேபர் கேம்ப்புக்கு வரும் ஒவ்வொரு தொழிலாளியின் விவரமும் அதில்தான் ஏறும்.

ஒருநாள் கேம்ப் கிளார்க் ரூமுக்கே வந்து கத்தினார். "சேகர் பாய், கேள்வி ஜாஸ்தி. ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க. ஜல்தி முடிக்கணும்."

சேகர் சில கேள்விகளை ஃபார்மிலிருந்து எடுத்தார். "கேள்விய எடுத்துட்டா பதிலுக்கு என்ன பண்ணுவே?" என்றேன்.

"உங்க பேப்பர்ல இடம் விடலாம்ணே. டேட்டாபேஸ்ல விட்டா எரர் அடிக்கும். டீஃபால்ட் ஒண்ணு போட்டுட்டா கலாஸ், வேலை முடிஞ்சுது."

டீஃபால்ட் என்றால், யாரும் எதுவும் சொல்லாதபோது மெஷின் தானாக எழுதிக்கொள்ளும் பதில். இரண்டு பேரும் சிரித்தோம்...

பிறகு முருகையன் என்ற கார்பெண்டர் சைட்டில் விழுந்து இறந்தார். அங்கேயே புதைத்துவிட்டார்கள். கம்பெனி காட்டிய தாளில் 'தொழிலாளியின் விருப்பம்: இங்கேயே அடக்கம்' என்றிருந்தது.

சேகரிடம் கேட்டேன். "இது அவரே சொன்னதா?"

"அவர் சொன்னதுதாண்ணே. சிஸ்டம்ல இருக்கே."

அப்படியே எழுதினேன். என் பெயரில் அச்சானது.

முருகையனின் மனைவி அறந்தாங்கியிலிருந்து பேசினார். "எங்க பக்கம் எரிக்கிறதுதாங்க. அவுக அப்படிக் கேட்டிருக்க மாட்டாக."

"பதிவுல இருக்கும்மா" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து, புதிதாக வந்த ஒருவரைப் பதிவு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இறந்தால் உடலை என்ன செய்வது என்ற கேள்வியே ஃபார்மில் இல்லை.

"தெரிஞ்சேதான் சொன்னியா சேகர்?"

"உண்மையச் சொன்னா வேலை போயிருக்கும்ணே..." தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டார்.

திருத்தம் வெளியிட்டேன். அந்த அம்மா அதன்பின் என் போனை எடுக்கவில்லை. நான் ரூம் மாறினேன். சேகரை மன்னிக்கவில்லை... இன்றும்.

சேகரும் அதே கம்பெனி விசாவில் இருந்தவர். அவருடைய பதிவை மைத்துனர் இன்று படித்துக் காட்டினார். 'விருப்பம்: இங்கேயே அடக்கம்.'

தன்னுடையதைக்கூட அவர் மாற்றவில்லை.

உடலை ஊருக்கு அனுப்பச் சொல்லி அவர் மனைவி எழுதிய கடிதம் மதியம் கம்பெனிக்கு ஃபேக்ஸில் போய்ச் சேர்ந்தது. வியாழனும் வெள்ளியும் அங்கே வார விடுமுறை, ஆபீஸ் கிடையாது. கம்பெனி சனிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறது.

போய் வா, சேகர்... எங்கே என்பது சனிக்கிழமை தெரியும்.