பொய்லருக்கு விசர் பிடித்த மாசி

2009 மாசியில், லண்டன் கோலியர்ஸ் வுட்டில், எங்கள் வீட்டைச் சூடாக்கும் பொய்லருக்கு விசர் பிடித்தது. ‘டிக்’ என்று பற்றும், கொஞ்சம் உறுமும், நின்றுவிடும். தேத்தண்ணிக் கோப்பையை நான் வாயில் வைக்கமுன் திரும்பவும் ‘டிக்’. நாள் முழுக்க இதே கூத்துத்தான். அதை விட்டால் அந்த வீட்டில் சத்தம் போட வேறு ஆளும் இல்லை. தொலைக்காட்சியைப் போட்டால் வன்னிப் போர்ச் செய்தி. பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

மனைவி கனடாவில் இருந்தாள். ஆவணியில், மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள். “பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு கழிஞ்சவுடன வந்திடுவன்” என்று சொல்லித்தான் விமானம் ஏறினாள். துடக்கும் கழிந்தது, பேரனுக்குப் பெயரும் வைத்தாயிற்று. பிறகு தொலைபேசியில், “பல்லு முளைக்கட்டும். பேரன்ர தலையில பல்லுக்கொழுக்கட்டை கொட்டிப்போட்டு வாறன்” என்றாள். பல்லே இல்லாத ஒரு பச்சைப்பிள்ளை மேல் எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் சொல்வது? கேட்டவர்கள் வாயால் மட்டுமா சிரிப்பார்கள்?

அவள் போன பிறகு மேல்மாடி எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பொய்லரின் சுடுதண்ணி ஓடும் ஹீட்டர்களில், எங்கள் படுக்கையறை உட்பட மேலே இருந்த எல்லாவற்றையும் பூட்டி நிறுத்தினேன், கதவுகளையும் சாத்தினேன். கீழேயும் முன்னறை ஹீட்டர் மட்டும்தான் திறந்திருந்தது. அந்த அறையில்தான் சாப்பாடு, அங்கே கிடந்த செற்றியில்தான் படுக்கை. வேலைக்குப் போவேன், வருவேன், அந்த ஒரு அறைக்குள் கிடப்பேன்.

பஸ்கூட ஓடாத அளவுக்கு லண்டனில் பனி கொட்டிய நாளில் அவளே தொலைபேசி எடுத்தாள். “அந்தக் குளிர் வீட்டுக்கு என்னெண்டப்பா வாறது? இஞ்ச மூலை முடுக்கெல்லாம் சூடு. என்ர முழங்காலும் இப்ப நோகிறேல்லை.”

எனக்கு அது போதுமாக இருந்தது. குளிர்தான் காரணம், வேறொன்றும் இல்லை. வீடு சூடானால் அவள் வந்துவிடுவாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். மறுநாளே கடைக்குப் போய், வயர் இல்லாத புதுத் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கினேன். எந்த அறையிலும் வைக்கலாம். தன்னைச் சுற்றியுள்ள சூட்டைப் பார்த்து அது சொல்கிறபடி பொய்லர் பற்றும், நிற்கும் என்றார்கள்.

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், சாமித்தட்டில் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டுக் கும்பிட்ட பிறகுதான் பாவிக்கலாம். இது அவள் போட்ட சட்டம். மைக்ரோவேவ்கூட இன்றைக்கும் பொட்டோடுதான் நிற்கிறது. நானும் தெர்மோஸ்டாட்டுக்குப் பொட்டு வைத்து, பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலையும் மாலையும் விளக்கு வைக்க மறக்கக் கூடாது என்பதும் அவள் கட்டளை. அதையும் ஒழுங்காகச் செய்தேன். பொய்லரின் விசர் தீரவில்லை. வீடுதான் முன்னைவிடக் குளிர்ந்தது.

கடைசியில் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு பொய்லர்காரரைக் கூப்பிட்டேன். ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர், வாய்க்காரன். வந்ததும் சாமித்தட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்னண்ணை, இதுக்கும் பூசையோ? விளக்குச் சூட்டில இது வீடு கொதிக்குதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்குது.”

“சரி தம்பி, அதை எடுத்துப்போடும். பொய்லர் ஏன் பத்திப் பத்தி நிக்குது?”

அவர் ஏறி இறங்கி எல்லா அறையையும் பார்த்துவிட்டு வந்தார். “அதில ஒரு பிழையும் இல்லை. இது குடும்பத்துக்கு வைச்ச பொய்லர். நீங்கள் ஒரே ஒரு ஹீட்டரைத் திறந்து வைச்சிருக்கிறியள். போன தண்ணி சூடு ஆறாமலே திரும்பி வருது, அது போதுமெண்டு நிக்குது. பிறகு குளிர்ந்தவுடன பத்துது. பத்துப் பேருக்குச் சமைக்கிற பானையில ஒரு சுண்டு அரிசி போட்ட மாதிரித்தான். மேல ஆர் இருக்கினம்?”

“மனிசி வரப்போறா” என்றேன்.

“அப்ப திறவுங்கோ.”

எல்லாவற்றையும் திறந்தோம். பொய்லர் ஒரே சீராக இரையத் தொடங்கியது. அவர் போன பிறகு நான் படுக்கையறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தேன், தலையணை உறை மாற்றினேன், யன்னல் திரையை விலக்கினேன். மேலே நல்ல சூடு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே கனடாவுக்கு எடுத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

“வீடு இப்ப முழுக்கச் சூடப்பா. எங்கட அறையும்தான்.”

அந்தப் பக்கம் பிள்ளையின் சிணுங்கல் கேட்டது. பிறகு அவள், “மகள் கோடைக்கு வேலைக்குப் போகப்போறா. பிள்ளையை ஆரோட விடுறது?” என்றாள்.

“பல்லு முளைச்ச உடன வாறனெண்டு சொன்னனீர்.”

“முளைச்சிட்டுதப்பா. போன கிழமை கொழுக்கட்டையும் கொட்டிப்போட்டம். சொன்னால் நீங்கள் உடன டிக்கெட் போடச் சொல்லுவியள் எண்டுதான் சொல்லேல்லை” என்றாள்.

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். கோபம்கூட வரவில்லை. பிள்ளையின் சத்தம் நெருங்கியது. அவள் தூக்கிக்கொண்டாள் போல.

“இஞ்சருங்கோ, மேல ஹீட்டரைப் பூட்டிவிடுங்கோ. நீங்கள் ஒராள்தானே. ஏன் சும்மா எரிக்கிறியள்?”

“ஓம்” என்றேன்.

வைத்துவிட்டு மேலே போய், விரித்த கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆளில்லாத வீட்டில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஹீட்டரைப் பூட்டவில்லை. அன்று முதல் செற்றியை விட்டுவிட்டு மேலே படுக்கத் தொடங்கினேன், அந்தப் பெரிய கட்டிலில் என் பக்கத்தில் மட்டும்.