அக்காவின் நாய்க்குச் சூடு பார்த்த கிழமை

கனடாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அக்கா திருகோணமலைக்குத் திரும்பியபோது இரண்டு பெட்டியும் ஒரு நாயும்தான் கொண்டு வந்தா. பொன்னிற மயிரும் சாந்தமான கண்ணும் உள்ள பெட்டை நாய். அக்கா அதைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவா. துறைமுகத்தடியில் நான் தனியே இருந்த வீடு ஒரே நாளில் கலகலப்பாகிவிட்டது.

சில மாதங்களில் பிள்ளையின் வயிறு பெருத்தது. தகப்பன் யாரென்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. பக்கத்து வீட்டு மீன்பிடி வள்ளக்காரரின் கறுப்பு நாய் எங்கள் கேற்றடியை விட்டு நகருவதேயில்லை.

"விமானம் ஏறி வந்து உங்கட வீட்டுக்கு மருமகளாயிட்டாள்," என்றா அக்கா மதிலுக்கு மேலால்.

"அப்ப நாங்கள் சம்பந்தியள், அக்கா," என்று சொன்ன வள்ளக்காரர் அன்று பின்னேரமே ஒரு கோர்வை மீன் கொண்டுவந்து தந்தார்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாள் கிட்டிவிட்டது. குட்டி போட முதல் உடம்புச் சூடு ஒரு பாகையளவு இறங்கும். இறங்கினால் ஒரு நாளுக்குள்ள குட்டி வரும். காலையும் பின்னேரமும் பாருங்கோ அன்ரி," என்று தெர்மாமீட்டரை எடுத்தா. அது வாலுக்குக் கீழே போகப் போகிறது என்று பிள்ளைக்கு எப்படி விளங்கியதோ தெரியாது. வைத்தியரின் செருப்புக்கு மேலேயே குந்திவிட்டாள். மூன்று பேர் சேர்ந்தும் அவளை எழுப்ப ஏலாமல் போய்விட்டது.

அப்போதுதான் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டா. "ஐயோ, இவளுக்குள்ள சிப் இருக்கெல்லோ!"

வெளிநாடு கொண்டுபோகும் நாய்களுக்கு அடையாளத்துக்காகத் தோள்களுக்கு நடுவே, தோலுக்குக் கீழே, அரிசி மணியளவில் ஒரு சிப் வைப்பார்கள். பிள்ளைக்கு வைத்தது உடம்புச் சூட்டையும் சொல்லும் வகை. அதை வாசிக்கும் ரீடர் அக்காவின் பெட்டிக்குள், கம்பளிக் காலுறைகளுக்கு அடியில் கிடந்தது. பற்றரி மாற்றி, பொத்தானை அழுத்தி, முதுகுக்கு மேலே மெல்லக் கொண்டு போனேன். 'கீக்' என்றது. சின்னத் திரையில் ஒரு நீண்ட இலக்கம். அதற்குக் கீழே 38.5.

"காய்ச்சலோ?" என்று பதறினேன்.

"நாய்க்கு அதுதான் சரியான சூடு," என்று அக்கா சிரித்தா.

பிள்ளைக்கு அந்தச் சத்தம் நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. 'கீக்' கேட்டதும் எங்கிருந்தாலும் ஓடிவந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் வேலை செய்யும் அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் என் மேசையைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியில் சொந்தக்காரர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டோம். சேலை கட்டிக்கொண்டு ரீடரைப் பிடித்தால் 37.3! அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, குட்டி போடவென்று எடுத்து வைத்த மரப்பெட்டிக்குள் பழைய துணிகளை விரித்தா. நான் சுடுதண்ணி வைத்தேன். பிள்ளையோ அந்தப் பெட்டிக்குள் குறட்டை விட்டுத் தூங்கினாள். வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நனைஞ்ச உடம்போட பார்த்தீங்களோ?"

"ஓம் டொக்டர், இப்பதான் கடல்ல குளிச்சிட்டு வந்தவள்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. "தோல் குளிர்ந்தால் சிப்பும் குறைச்சுத்தான் காட்டும். உடம்பு காய்ஞ்ச பிறகு பாருங்கோ." காய்ந்த பிறகு பார்த்தோம். பழையபடி முப்பத்தெட்டரை. நிலாவெளிக்குப் போனபோது அங்கே எங்களுக்கு மிஞ்சியிருந்தது நண்டுக் குழம்பு மட்டும்தான். அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

புதன்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிடும்போது 37.2 காட்டியது.

"கடலுக்குப் போனவளோ?"

"இல்லை அக்கா. விடியத் தொட்டு கட்டிலுக்குக் கீழதான் கிடந்தவள்."

திரும்பவும் பார்த்தேன். அதே இலக்கம். லீவு சொன்னேன்.

மத்தியானமளவில் நாங்கள் ஆயத்தம் செய்த பெட்டிக்குள் பிள்ளையைக் காணவில்லை. குசினி, கிணற்றடி எல்லாம் தேடிக் கடைசியில் என் அறையில் முனகல் கேட்டது. திறந்திருந்த அலுமாரியின் கீழ்த்தட்டில், என் நல்ல சேலைகளுக்கு மேலே படுத்திருந்தாள். நான் குனிந்து பார்க்கப் பார்க்க முதல் குட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. தாய் நக்கிவிட்டதும் அது சின்னதாய்க் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதா. பிறகு அழுகையோடேயே சிரித்தா. நிலத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றாக ஐந்தையும் பார்த்தோம். மூன்று பொன்னிறம், இரண்டு கறுப்பு.

"எத்தினை? எத்தினை?" என்று யன்னலுக்கு வெளியே வள்ளக்காரர் கேட்டுக்கொண்டேயிருந்தார். சொன்னதும் தன் மனுசியைக் கூப்பிட ஓடினார்.

பின்னேரம் கச்சேரிக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கும் வர ஏலாது என்றேன்.

"ஏன், சுகமில்லையோ?" என்று கேட்டார் என் மேலதிகாரி.

"நல்ல சுகம் சேர். ஐந்து குட்டி. பார்த்துக்கொண்டே இருக்கவேணும் போல கிடக்கு."

அவர் குரலைத் தாழ்த்தி, "கறுப்பு இருந்தால் எனக்கு ஒண்டு தருவீங்களோ?" என்று கேட்டார்.