ஹாஜா மைதீன் பேசப்போன நாலு வார்த்தை

என் மச்சான் ஹாஜா மைதீனுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான்: கஞ்சி காய்ச்சுவது. நோன்பு மாதத்தில் ஆலத்தங்கரைப் பள்ளிவாசல் தேக்சாவில் அவர் கரண்டியைப் போட்டுவிட்டால், நோன்பு இல்லாதவனும் தூக்குவாளியோடு வந்து நிற்பான். மற்ற பதினொரு மாதமும் சும்மா இருந்தார். அதையும் குறைவில்லாமல்தான் செய்தார். அவர் தங்கை கமருன்னிஸாவைக் கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். என் பெயர் லியாகத் அலி, கும்பகோணத்தில் பாத்திரக்கடை.

அறுபத்தெட்டில் ஆலத்தங்கரை ரணகளமானது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கைகலப்பு, வைக்கோல் போர் எரிப்பு, கடைத்தெருவில் போலீஸ் முகாம். வேலையில்லாத வீடுகளில் உலை ஏறவில்லை. பிள்ளைகளுக்காகவாவது ஒரு கஞ்சித்தொட்டி வேண்டும் என்று சிலர் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார்கள். அரிசி திரட்ட அரசப்பன், விறகுக்குத் தங்கையன், ஊற்றிக் கொடுக்க அம்சம். மூன்று பேருமே வயலில் வேலை செய்கிறவர்கள். காய்ச்ச ஆள் யார் என்றதும் எல்லாக் கையும் என் மச்சானைத்தான் காட்டியது.

இருபத்து மூன்று நாள் அடிபிடிக்காமல் காய்ச்சினார். அடுத்த நாள் காலையில் போலீஸ் லாரி வந்து நின்றது. தடியைக் கண்டதும் மச்சான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். வெண்ணாற்றை நீந்திக் கடந்து, நீடாமங்கலத்தில் ரயில் ஏறி, பம்பாய் போய், அங்கிருந்து கப்பலேறி துபாயில் இறங்கித்தான் நின்றார். தடியடிக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடியவர் இந்த ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்க முடியாது.

துபாயில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல். மூன்று தடவை லீவில் வந்தார். வந்தால் கும்பகோணத்தில் எங்கள் வீடு, அப்புறம் திரும்ப துபாய். ஆலத்தங்கரை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். எண்பத்து மூன்றில் நாலாம் தடவை வந்தபோது, சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்.

"மச்சான், அன்னைக்கு அவங்கள்லாம் அடி வாங்கியிருப்பாங்க. அம்சமக்கா பாவம், பொம்பள. நான் போயி மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

அப்போது அவர் மூன்றாவது தடவை சோறு வாங்கியிருந்தார்.

அரசப்பனுக்குக் கடிதம் போட்டார்: வெள்ளிக்கிழமை வருகிறேன், எல்லோரையும் ஒன்றாகப் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும். இதில்தான் தப்பு செய்தார். பதினைந்து வருஷம் வெளிநாட்டில் இருந்தவருக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது மறந்துபோய்விட்டது.

அந்த மூன்று பேருக்கும் கொடுக்க ஆளுக்கொரு டார்ச் லைட், ஆளுக்கொரு தைல பாட்டில் எடுத்துக்கொண்டார். துணைக்கு நானும் போனேன். மச்சான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லப்போகும் மன்னிப்பை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், ஓதுகிறார் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றார்.

ஆலத்தங்கரை நிறுத்தத்தில் இறங்கினால் தென்னங்கீற்று வளைவு, டியூப் லைட், மைக் செட். சுவரில் ரோஸ் நிற நோட்டீஸ்: "கஞ்சி தந்த கர்ணன், தலைமறைவுச் சிங்கம் ஹாஜா மைதீன் உரையாற்றுகிறார்." மச்சான் அதை இரண்டு முறை படித்தார்.

"யாரு மச்சான் இது, நம்ம பேரு மாதிரியே இருக்கு" என்றார்.

கரை வேட்டியும் தோளில் துண்டுமாக அரசப்பன் வந்து கட்டிப்பிடித்தார். இப்போது பஞ்சாயத்து உறுப்பினர். மேடைக்குக் கூட்டிப்போகும் வழியில் விஷயத்தைச் சொன்னார்.

"யாருடா ஒங்க தலைவன்னு போலீஸ்காரன் கேட்டான் பாய். அம்சம்தான் மொதல்ல ஒங்க பேரச் சொல்லிச்சு. ஆளுதான் போயிட்டாரே, அவரு பேரச் சொன்னா யாருக்கு நட்டம்? மறுநா எங்களப் புடிச்சுக் கேட்டப்ப நாங்களும் அதையே சொன்னோம். ஒங்களத் தேடி மூணு மாசம் அலைஞ்சானுவ. அந்த அலைச்சல்ல எங்கள விட்டுட்டானுவ. கேஸும் தள்ளுபடி ஆயிப்போச்சு. ஊரே ஒங்களாலதான் தப்பிச்சிச்சு."

மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேடையில் ஏழு பேர் வரிசையாக வந்து துண்டு போட்டார்கள். அந்தச் சித்திரை வெயிலில், ஏழு துண்டுக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது.

"நான் தலைவன் இல்லீங்க. பயந்துபோயி ஓடினேன்."

பலத்த கைதட்டல்.

"சத்தியமா ஓடினேங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

இன்னும் பலத்த கைதட்டல். என் பக்கத்தில் இருந்த பெரியவர், "எவ்வளவு தன்னடக்கம் பாத்தீங்களா" என்றார். அரசப்பன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "ஓடினேன் என்கிறார் நமது சிங்கம். பதுங்குவது எதற்காக என்பது பகைவனுக்குத் தெரியும், பாட்டாளிக்கும் தெரியும்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். உண்மையைச் சொல்லி ஒருவன் மானத்தை இழப்பது இந்த ஊரில் அவ்வளவு சுலபமில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது.

கீழே இறங்கியதும் மச்சான் கேட்டார், "அம்சமக்கா வரலியா?"

அரசப்பன் தலையைச் சொறிந்தார். "சத்துணவுக்கூடத்துல ஆயா வேல பாக்குது. மேடைக்குப் பின்னாலதான் கூடம், அங்க அண்டா கழுவிக்கிட்டு இருக்கு. நோட்டீஸ் குடுத்தேன், கையில வாங்கல."

மச்சான் துண்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார். நானும் கூடவே போனேன். அம்சம் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது இடது கை விரல் இரண்டு மடங்கியே இருந்தன. தடி விழுந்த கை. மச்சான் பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். அவள் முழுதும் கேட்டாள்.

"ஓடினத நான்தான் பாத்தேனே. நல்லவேளை ஓடினீங்க. இல்லாட்டி யாரு பேரச் சொல்லியிருப்பேன்?"

"அப்ப எம்மேல கோவம் இல்லியாக்கா?"

"இருக்கு" என்றாள். நாரைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள்.

"தடியக் கண்டா எல்லாந்தான் ஓடும். அரசப்பன் வைக்கப்போருல பூந்தான். தங்கையன் புளியமரத்துல ஏறினான். ஆனா சாயங்காலமே திரும்பி வந்துட்டானுவ. ஒருத்தன் எனக்குக் கைக்குக் கட்டுப் போட்டான், ஒருத்தன் அடுப்பு மூட்டினான். அடிபிடிச்ச கஞ்சின்னாலும் புள்ளைவ குடிச்சிதுவ. ஒங்களையுந்தான் எதிர்பாத்தேன். இன்னைக்கி வருவாரு, நாளைக்கி வருவாருன்னு. அப்புறம் நீங்க மூணு தரம் கும்பகோணம் வந்து போனீங்கன்னு கேள்விப்பட்டேன். அங்கேருந்து இங்க எவ்வளவு தூரம் பாய்?"

ஓடியதற்குச் சொல்ல மச்சான் பதினைந்து வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். வராததற்கு எதுவும் வைத்திருக்கவில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரங்க்கா" என்றார்.