பேர் வெட்டிய சிடிகள்

பெரியப்பா என்னை எப்போது முதல் திருடனாக நினைக்க ஆரம்பித்தார் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அட்டைப்பெட்டியோடு திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்த அன்றைக்கே நினைத்துவிட்டார் என்பது மட்டும் நிச்சயம். பெட்டியை வாங்கி வைக்கலாமென்று கை நீட்டினேன். தரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு, "உன் கம்பூட்டர் எங்க கீது, காட்டு" என்றார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையும் லாரியில் ஏறுகிற மூட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற உத்தியோகம். குறைந்தால் நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான், அவ்வளவுதான். வேலை போனாலும் அந்தக் கண் போகவில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், இஸ்திரிக்காரர் பட்டனைப் பிய்த்து வைத்துக்கொள்கிறார், பக்கத்து வீட்டு டேங்க் மட்டும் எப்படிச் சீக்கிரம் நிரம்புகிறது. ராயபுரத்தில் அவர் வீட்டில் கரண்டியிலிருந்து குப்பை முறம் வரை எல்லாவற்றிலும் அவர் பேரின் எழுத்து வெட்டியிருக்கும். பாத்திரக்கடை வாசலில் ஊசி மெஷினை வைத்துக்கொண்டு கிர்ரென்று பேர் வெட்டித் தருவாரே ஒருவர், அவருக்குப் பெரியப்பாதான் நிரந்தர வாடிக்கை. ஒருமுறை வீட்டுச் சாவியிலும் வெட்டிக்கொண்டு வந்தார். அது திருடனுக்குத்தானே வசதி என்று கேட்டேன். முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டிக்குள் இருந்தவை அவருடைய சிடிகள். மாதா பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, நாதஸ்வரம் என்று பல வருடங்களாகச் சேர்த்தது. எங்கள் பக்கத்துக் கடல்காற்றில் ஜன்னல் கம்பியே இற்றுப்போகும். சிடியை மட்டும் விடுமா? ஓரங்களில் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. அவருடைய சிடி பிளேயரும் உப்புக் காற்றில் செத்துப் பல மாதமாகிவிட்டது. வளைகுடாவில் இருந்த அக்கா, அதாவது அவருடைய மகள், எம்பி3 பாடுகிற புது பிளேயர் ஒன்றை அனுப்பியிருந்தாள். எல்லாப் பாட்டையும் சுருக்கி இரண்டு மூன்று சிடிக்குள் அடக்கித் தர வேண்டும். குடும்பத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், அதனால் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்திருந்தார்.

உண்மையில் அத்தனை சிடியும் அவருக்குப் பொருட்டே இல்லை. ஒன்றுதான் உயிர். பெரியம்மா மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். திருவிழாவுக்காக ஸ்டுடியோவில் போய்ப் பதிவு செய்த சிடி ஒன்று உண்டு. அதில் கடைசிப் பாட்டைப் பெரியம்மா தனியாகப் பாடியிருப்பார். அப்புறம் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. பேசினால் வெறும் காற்றுதான் வரும். அந்தச் சிடி வேறு யாரிடமாவது இருக்குமா என்று விசாரித்துப் பார்த்தோம். குழுவை நடத்தியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கேட்ட வீடுகளிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். பெரியம்மாவின் பழைய குரல் உலகத்தில் அந்த ஒரு தட்டில்தான் இருந்தது.

அதை அவர் முதலில் வெளியில் எடுக்கவே இல்லை. "மத்ததல்லாம் பண்ணு. ஒயுங்கா வந்தா அத்த தர்றேன்" என்றார்.

முதல் சிடியைக் கையில் வாங்கித் திருப்பினேன். பாட்டுப் பேர் அச்சடித்திருக்கிற மேல்பக்கத்தில், ஓரமாக, ஊசியால் அவருடைய இரண்டு எழுத்து வெட்டியிருந்தது! அடுத்ததிலும் அப்படியே. எல்லாவற்றிலும்.

"இன்னா பெரியப்பா இது?"

"நீ வேற சிடிய மாத்திக் குடுத்துட்டா? அதான் போன வாரம் குந்திக்கினு அல்லாத்துலயும் வெட்டிக்கினு வந்தேன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். சொந்தத் தம்பி மகனை ஒருவர் இப்படி அவமானப்படுத்த முடியுமா? அதை மறைக்கவாவது செய்தாரா? பெருமையாக வேறு சொன்னார். "பளபளன்னு கீற பக்கம் பாட்டு கீது, அத்த தொடாதன்னு மெஷின்காரன்கிட்ட கண்டிசனா சொல்லிட்டேன். மேல்பக்கம்தான் வெட்டினான்." அதில் தப்பு இருப்பதாக எனக்கும் படவில்லை. பளபளப்பான பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவன்தான். நானும் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டும் பயபக்தியோடு துடைத்துக்கொண்டிருந்தேன்.

சிடியை டிரைவுக்குள் தள்ளினேன். பாட்டு ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஏறி, சுருங்கி, எம்பி3 ஆயிற்று. பெரியப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். ஒரு சிடி முடிந்ததும், அது எவ்வளவு இடம் பிடித்திருந்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். பத்தில் ஒரு பங்குதான்.

அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்துவிட்டார். "கப்பல்ல வந்தது பத்து மூட்டை. லாரில ஏறுனது ஒரு மூட்டை. மீதி எங்கடா?"

"மீதி எங்கேயும் போகல பெரியப்பா. நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை மட்டும் எடுத்துடும்."

"கேக்காதுன்னு எவன் முடிவு பண்ணான்? எங்காதுல வந்து பூந்து பாத்தானா?"

நான் ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

போட்டுக் கேட்டபோது ஆரம்பப் பாட்டுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. கடைசிப் பாட்டுக்கு வந்ததும் டக், டக் என்று வெட்டி வெட்டித் திக்கியது. அடுத்த சிடியிலும் கடைசிப் பாட்டுதான். அதற்கடுத்ததிலும். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் டிரைவைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பூட்டித் தந்த கடைக்காரன் பழைய டிரைவை என் தலையில் கட்டிவிட்டான் என்று தோன்றியது. பிறகு பெரியப்பாவின் சிடியே டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று தோன்றியது. அவருடைய வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. அவரோ பெட்டியை மூடி, "கடேசிப் பாட்டா பாத்து அமுக்குறியே, நல்லா கீதுடா உன் வேல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ரோஷத்தில் புது டிரைவ் வாங்கி மாட்டினேன். தகவல் சொல்லி அனுப்பினேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிடியில் புள்ளி கூடிக்கொண்டே போகிறதே, அவர் என்ன செய்வார்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மொபெட்டில் பெரியம்மாவையும் சாட்சிக்கு உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சட்டைக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய அந்தத் தட்டு வந்தது. முதல் தடவையாக என் கையில் கொடுத்தார். ஓரத்தைப் பிடித்த விரலை உடனே விடவில்லை, ஐயோ பாவம் என்றிருந்தது எனக்கு. அதன் மேல்பக்கத்திலும் பேர் வெட்டியிருந்தது. நான் அதை நின்று படிக்கவில்லை. உள்ளே தள்ளிவிட்டேன்.

கூட்டாகப் பாடுகிற பாட்டுகள் நன்றாக ஏறின. பாதி தாண்டியதும் டிரைவ் முனகத் தொடங்கியது. கடைசிப் பாட்டில் திரையிலிருந்த கோடு நகரவே இல்லை. பெரியப்பாவால் உட்கார முடியவில்லை. "வண்டிய எவனாவது இஸ்துக்கினு போயிடுவான், பாத்துட்டு வர்றேன்" என்று கீழே இறங்கிப் போனார். வண்டிக்கு ஒன்றுமில்லை. அவருக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார தைரியமில்லை, அதுதான் விஷயம்.

கிடைத்ததைப் போட்டுக் கேட்டோம். ஆர்மோனியம் வந்தது. பாடப்போகிறவர் மூச்சை இழுக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு டக், டக், டக். பாட்டு முடியும்வரை அதேதான். பெரியம்மா தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்.

சிடியை வெளியே எடுத்து, புள்ளி எவ்வளவு என்று பார்க்க ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். புள்ளி ஓரத்தில் கொஞ்சம்தான். ஆனால் நடுத்துவாரத்துக்குக் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, வெயில் எழுத்து எழுத்தாக ஊடுருவி வந்தது. பெரியம்மாவின் பேர். மற்ற சிடிகளில் தன்னுடைய இரண்டெழுத்தோடு நிறுத்தியவர், இதில் மட்டும் ஆசையாகப் பெரியம்மாவின் முழுப்பேரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டைத் தாங்குகிற அந்த மெல்லிய வெள்ளிப் பூச்சு இருப்பது மேல்பக்கத்தில், அச்சுக்கு நேர் அடியில். பளபளக்கிற பக்கம் வெறும் கெட்டி பிளாஸ்டிக். ஊசி வெள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டது. மற்றதில் ஓரத்துப் பாட்டோடு போயிற்று. இதில் பேர் நீளம், பாதித் தட்டே போய்விட்டது.

"பெரியம்மா, இது புள்ளி இல்ல, டிரைவும் இல்ல. பேர் வெட்டினதுதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் அந்த வெளிச்சத்தில் தன் பேரைப் படித்துக்கொண்டிருந்தார். படியில் பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மா சட்டென்று என் கையைப் பிடித்துத் தாழ்த்தினார்.

"சொல்லாதடா," என்று காற்றாகச் சொன்னார். "தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு. உன்னத் திட்டிக்கினு கெடக்கட்டும்."

எனக்கு மட்டும் தாங்குமா என்று கேட்க வாய் துடித்தது. பெரியம்மா உதட்டின் மேல் விரலை வைத்தார்.

பெரியப்பா வந்ததும், "வரல பெரியப்பா" என்றேன்.

"வரலன்னா? உள்ள போச்சுல்ல? நான் பாத்தேன்ல? போனது எங்க போவும்?" கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதான் எங்கியோ அமுக்கி வச்சுக்கினு கீற."

அன்றோடு எனக்கு அதுவே பட்டமாகிவிட்டது. கல்யாணம், ஞானஸ்நானம், எந்த வீட்டு விசேஷத்திலும் "எம் பொண்டாட்டி பாட்ட அமுக்குனவன் தோ வர்றான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராயபுரம் வீட்டுக்குப் போனால் கிளம்பும்போது என் பையைத் திறந்து காட்டச் சொல்வார். காட்டுவேன். பெரியம்மா அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் ஒரு நாள் போட்டு உடைத்திருப்பேன்.

சில வருடங்களில் பெரியம்மா இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, ஒரு மத்தியானம், பெரியப்பா தனியாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அதே நாற்காலியில், அதே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். நான் ஒன்றும் கேட்காமலேயே மெதுவாக ஆரம்பித்தார்.

"இப்பவாவது குடுத்துடுடா. யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஒரே தபா கேட்டுட்டு உங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுறேன்."

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இந்த ஆள் இத்தனை வருடமும் என்னைத் திருடன் திருடன் என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. திருடன் ஒருவன் இருந்தால்தானே பொருளும் எங்கேயாவது இருக்கும்?

"பழைய ஹார்ட் டிஸ்க்ல எங்கேயாவது இருக்கும் பெரியப்பா. தேடிப் பாக்கணும்" என்றேன்.

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். மூட்டைக் கணக்கு ஒத்துப்போனால் மனிதர் இப்படித்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"அப்ப உங்கிட்டதான் கீது," என்றார்.

எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வாசல்வரை போய் நின்று, "அவசரமில்ல. பத்திரமா வச்சுக்க, நைனா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.