லொரேத்தோவில் ராணியக்கா அடியழித்தது

காலையில், இந்தப் பிரெஞ்சு நகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான ரூ காய்யில் ஒரு லொறி புகை கக்கிக்கொண்டு நின்றது. பக்கத்துக் கடைக்குள்ளிருந்து புளிச்சாத வாசம். இரண்டும் சேர்ந்தால் எனக்கு இத்தாலி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில் நான் போன ஒரே பயணம், இங்கிருந்து பஸ்ஸில் லொரேத்தோ மாதா கோயிலுக்குப் போனதுதான். வழி முழுக்கப் புளிச்சாதமும் டீசலும்.

நாங்கள் சைவக்காரர். வில்லியே லே பெல் புறநகரில் என் மேல்மாடியில் இருந்த ராணியக்காவும் அவருடைய கணவர் தவமண்ணையும் அப்படித்தான். ஊரில் அவர்கள் வீட்டை ராணுவம் முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்தது. மாதா வாழ்ந்த வீட்டைச் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், கடல் கடந்து தூக்கிவந்து லொரேத்தோவில் வைத்ததாக யாரோ சொல்ல, அக்கா நேர்த்தி வைத்துவிட்டார். வீடு திரும்பக் கிடைக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. அவர்களோடு நானும் பஸ் ஏறினேன்.

வெளியிலிருந்து பார்க்கக் கோயில் கோட்டை மாதிரி இருந்தது. "இதென்ன, ஆமிக் காம்ப் மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் அண்ணை. உள்ளே, குவிமாடத்துக்குக் கீழே, சிற்பம் நிறைந்த பெரிய சலவைக்கல் பெட்டி. அதற்குள்தான் அந்த வீடு. புகை பிடித்த மூன்றே சுவர்.

"எங்கடை குசினியளவும் வராது," என்றார் அக்கா மெல்ல, ஊர் வீட்டுச் சமையலறையை நினைத்து.

பெட்டியைச் சுற்றியுள்ள படியில், சனம் முழங்காலில் சுற்றிச் சுற்றியே பள்ளம் விழுந்திருந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். நல்லூரில் பெண்கள் செய்வதுபோல அடியழிக்கத் தொடங்கினார். ஓரடி வைப்பது, முழங்காலிட்டு நெற்றியை நிலத்தில் வைப்பது, எழும்பி அடுத்த அடி. மயங்கி விழுகிறார் என்று காவலாளி ஓடிவந்து தூக்கினார். அக்கா மறுபடி விழுந்தார். அவர் மறுபடி தூக்கினார்.

"தம்பி, நீயெல்லே பிரெஞ்சு படிச்சனி. சொல்லன்!"

"அவர் இத்தாலிக்காரர், அண்ணை."

"வெள்ளையள்தானே, விளங்கும். சொல்லு."

நாலுபேர் பார்த்தாலே எனக்கு வியர்க்கும். அக்காவைக் காட்டி "மெசோன், மெசோன்" என்றேன், வீடு, வீடு என்று. பிறகு கையை விரித்து, இல்லை என்று காட்டினேன். என்ன விளங்கியதோ, அவர் முன்னால் போய்ச் சனத்தை விலக்கி வழிவிட்டார். அக்கா முழுச் சுற்றும் முடித்தார்.

திரும்பி வரும்போது அக்காவுக்கு ஊர் வீட்டுக் கதைதான். காலை வெயில் எந்த அறையில் விழும், மழைக்கு எந்த யன்னல் இறுகும், கிணற்றடியில் எந்தக் கல் ஆடும். பிறகு வருடக்கணக்காக நாங்கள் ஒன்றாக வேலைக்குப் போகும் ரயிலிலும் அதே கதை. தூக்கக் கலக்கத்தில் நான் ஓம் ஓம் என்பேன்.

சண்டை முடிந்து பல காலத்துக்குப் பின் ராணுவத்தார் காணியைத் திருப்பி விட்டார்கள். அக்கா போய்வந்தார்.

"வீடு எப்பிடியக்கா?"

"காணி தந்திட்டாங்கள். வீடில்லை. எப்பவோ இடிச்சுப் போட்டாங்களாம்."

இப்போதும் அதே ரயிலில்தான் போகிறோம். அக்கா வீட்டுக் கதை எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார். எப்போதோ இடித்த வீடுதான். ஆனாலும் அவர் போய்ப் பார்க்கும்வரை அது எங்களோடு ரயிலில் வந்துகொண்டிருந்தது.